பட்டினி போட்டால் கட்டி சாகுமா?

இரத்தம் போகாமல் தடுத்தால் புற்றுக்கட்டி பட்டினியால் மடியும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோல்க்மன் வெளியிட்ட கருத்து இது. கட்டி புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டே வளர்கிறது என்பது மெய்தான். ஆனால் மருத்துவம் அவ்வளவு எளிதன்று.

கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைதூக்கினால் பெவாசிஸுமாப் என்ற மருந்தைத் தரலாம் என 2009-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை இது செயலிழக்கச் செய்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி சுருங்கியதுபோல் தெரியும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஊசிவழி ஏற்றும் சாயம் கட்டியின் ஓட்டைக் குழாய்களில் கசிவதால்தான் கட்டி பளிச்சிடுகிறது. மருந்து கசிவைக் குறைக்கிறது. புற்றுச் செல்களோ பழைய குழாய்களை ஒட்டியே ஊர்ந்து பரவக்கூடும்.

புதிதாக இந்நோய் கண்டவர்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையுடன் இம்மருந்தும் பெற்றவர்களுக்கு, நோய் முற்றாதிருந்த காலம் 6.2 மாதத்துக்குப் பதில் 10.6 மாதமாயிற்று. ஆயுளோ 16.8 மாதம்; மருந்து பெறாதவர்களுக்கு 16.7!

மூளை வீக்கம் தணிவது நோயாளிக்கு ஆறுதலே, குணமன்று. ஆகவே, "கட்டி சுருங்கியது" என்ற செய்தியைக் கண்டால், "நோயாளி எத்தனை நாள் கூடுதலாக வாழ்ந்தார்?" என்று கேளுங்கள்.