பார்க்காத படத்துக்கு ஒரு தீர்ப்பு

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம் 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில், எதிர்ப்பு எழுந்ததும் நீக்கப்பட்டது. 1983 வன்செயலைப் பேசும் படம், தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதையும் பேசுகிறது. உறுத்தியது பின்னதுதான்.

'ரெட் டெயில்ஸ்' (2012) அமெரிக்கக் கறுப்பின விமானிகளின் போர்க்கதை. தம்மவரைத் திரையில் கண்டு பூரித்தவர்களும் உண்டு, பாத்திரங்களில் ஆழமில்லை என்றவர்களும் உண்டு. பார்த்த பிறகு வந்த பேச்சு அது.

1990 அக்டோபர் 30இல், இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்ட நமக்கு, 'இதை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?' என்ற கேள்வி புதிதல்ல. ரட்ணத்தின் படத்தில் அவருடைய சொந்தக் குரல் சற்று மிகைதான். அதை நல்லூரிலோ சோனகதெருவிலோ ஒரு ரசிகர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.