ஜாவி படித்த இங்கிலீஷ் மாஸ்டர்: அந்தனி பேர்ஜஸின் மலாயா நாவல்கள்

1954ஆம் ஆண்டு ஜோன் வில்சன் என்றொரு ஆங்கிலேயர் மலாயாவுக்குப் படிப்பிக்க வந்தார். முதலில் குவாலா கங்சார் மலாய்க் கல்லூரி. 1905இல் மலாய்ப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கென்று வெள்ளைக்காரன் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பிறகு கெலந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவில் ஆசிரியர் கலாசாலை. அந்த அனுபவத்திலிருந்து 'அந்தனி பேர்ஜஸ்' என்ற பெயரில் மூன்று நாவல்கள் வந்தன: 'டைம் ஃபோர் எ டைகர்' (1956), 'த எனிமி இன் த பிளாங்கெட்' (1958), 'பெட்ஸ் இன் த ஈஸ்ட்' (1959). 'எ குளொக்வேர்க் ஒரேஞ்ச்' எழுதியவர் என்றுதான் அவரைக் கனபேருக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

காரணம் இருக்கிறது. இந்த மாஸ்டர் இங்கிலீஷ் படிப்பித்ததோடு நிற்கவில்லை. மலாய் மொழியை முறையாகப் படித்தார், ஜாவி எழுத்தும் பழகினார். அறபு எழுத்தில் இல்லாத மலாய் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கியது ஜாவி. எங்கட மூத்தவர்கள் தமிழுக்குச் செய்த அதே வேலைதான். அறபுத்தமிழ்க் கிதாபு ஓதியவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்த எழுத்தைத் தேடிப் படித்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் எங்கட சனத்தை எப்படி எழுதியிருப்பார் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னர் மலாயாவை எழுதிப் பேரெடுத்தவர் சோமர்செட் மோம். அவருடைய கதைகளில் துரைமாரும் துரைசாணிமாரும் கிளப்பில் இருந்து குடித்து, தங்களுக்குள் சண்டை பிடித்துச் சாவார்கள். மலாய்க்காரன் தட்டு ஏந்தி வருவான், போவான். பேர்ஜஸ் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். பஞ்சாபி முஸ்லிம் பொலிஸ்காரன் அல்லாதாத் கான், சீனப் பொடியன் ரொபட் லூ, யாழ்ப்பாணத்துத் தமிழ் உத்தியோகத்தர்கள் என்று எல்லோரும் உள்ளே வந்து இருந்து கதைக்கிறார்கள். ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒவ்வொரு ஓசை. நல்ல காது அவருக்கு.

ஆனால் அந்தக் காதை வைத்து அவர் என்ன செய்தார்? நாவலில் வரும் கற்பனை மாநிலம் ஒன்றின் பெயர் 'டஹாகா'. மலாயில் தாகம் என்று பொருள். அதன் தலைநகர் 'கென்ச்சிங்', அதாவது சிறுநீர். முதல் நாவலின் மாநிலத்துக்கு வைத்த பெயரை இங்கே பொருள் சொல்லி எழுத முடியாது. லண்டனில் வாசிக்கிறவனுக்கு இவை வெறும் கிழக்கத்திய ஓசைகள். பகிடி விளங்குவது மலாய் தெரிந்தவனுக்கு மட்டும். பகிடி பண்ணப்படுவதும் அவனுடைய ஊர்தான். ஒரு மொழியை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்துவிட்டு, அந்த மொழிக்காரன் முன்னாலேயே அவன் ஊருக்கு இப்படிப் பெயர் வைப்பதை அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்க்க விஷயத்திலும் இதே குறைதான். இரண்டாம் நாவலில் ஹார்ட்மன் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர், காசுள்ள விதவை ஒருத்தியை முடிப்பதற்காக இஸ்லாத்தைத் தழுவுகிறார். இப்படியானவர்கள் உலகத்தில் இல்லாமலில்லை. அதை எழுதியது குற்றமுமில்லை. அல்லாதாத் கான் குடிப்பதை எழுதியதும் குற்றமில்லை. ஆனால் மூன்று நாவலிலும் முஸ்லிம்கள் இத்தனை பேர் நடமாடியும், தொழுகை ஒரு மனிதனுக்கு உள்ளே என்ன செய்கிறது என்ற இடத்துக்கு எழுத்து போவதேயில்லை. தடுக்கப்பட்டதைச் செய்யும்போது மட்டும்தான் அவர்கள் முஸ்லிம்களாகக் கண்ணில் படுகிறார்கள்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கதாநாயகன் விக்டர் கிராப் ஒரு மாஸ்டர். அவருடைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எங்கே? இரவில் கூட்டாளிமாருக்குக் கம்யூனிஸம் ஊட்டும் சீன மாணவன் வருகிறான். பள்ளியால் விலக்கப்படும் மலாய் மாணவன் வருகிறான். இருவருமே கிராப்புக்கு வந்த தலையிடிகளாகவே வருகிறார்கள். கூட வேலை செய்யும் ஜகநாதன், அதிபர் கதிரை தனக்குக் கிடைக்கவில்லையே என்று குமுறி, கிராப்பின் பழைய இடதுசாரித் தொடர்பை வைத்து மிரட்டுகிறார். அந்த ஊரில் வருஷக்கணக்காகப் படிப்பித்த ஒருவர், நேற்று வந்தவருக்குக் கீழே ஏன் நிற்க வேண்டும்? அந்த நியாயமான கோபத்தைப் பேர்ஜஸ் வெறும் பொறாமையாகச் சுருக்கிவிட்டார்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் மூன்றாம் நாவலை நான் உயர்த்தித்தான் வைப்பேன். அங்கே கிராப், ரொபட் லூ எழுதிய சிம்பொனியைப் பிறக்கப்போகும் மலாயாவின் இசை என்று தூக்கிப் பிடிக்கிறார். எல்லா இனமும் அதில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் என்பது அவருடைய கனவு. பொடியனுடைய கனவு அல்ல. அவனுக்குத் தன் இசையைத் தவிர எந்த யோசனையும் இல்லை. பின்னர் அது சினிமா இசை மாதிரி ஆகிவிடுகிறது. கிராப் ஆற்றில் விழுந்து சாகும்போது பக்கத்தில் நிற்பவர் யாழ்ப்பாணத் தமிழரான மிருக வைத்தியர் வைத்திலிங்கம். அவர் கை கொடுக்கவில்லை. 1957 ஓகஸ்ட் 31இல் மலாயா சுதந்திரம் பெற்றது. கிராப் இல்லாமலும் நாடு நடக்கும். ஆசியாவை நேசிக்கிறேன் என்று வருகிறவன் பல நேரம் தன் விருப்பத்துக்கேற்ற ஆசியாவைத்தான் நேசிக்கிறான் என்பதைத் தன் கதாநாயகன் மீதே போட்டுப் பார்த்த நேர்மை பேர்ஜஸுடையது.

எங்கட ஊர்களிலும் மாலைதீவுக்குப் போய் வருஷக்கணக்காகப் படிப்பித்து வந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தீவுப் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் இந்த மூன்று நாவலையும் வாசிக்கட்டும். ஊர்ப் பேச்சை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று பேர்ஜஸிடம் படிக்கலாம். முன் வாங்கில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன நினைக்கிறது என்பதை மட்டும் அவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது பேர்ஜஸிடம் இல்லை.