விதிநூல் யாருக்காக?

மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரை அழித்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். எழுத்து நினைவைக் காத்தது. கூடவே, கண்ணை அறிவின் வாயிற்காவலாகவும் நிறுத்தியது. எழுத்தின் இவ்விரட்டைத் தன்மையை இன்று நாம் ஒரு விளையாட்டு நூலிலும் காண்கிறோம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் முன்னோடி. ஒருவர் கதைக்களத்தை விரித்துரைப்பார். மற்றையோர் தத்தம் பாத்திரமாக நின்று தம் செயலைச் சொல்வர். ஐயமான இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். பேச்சும் கற்பனையுமே இதன் மூலதனம். மலையகத் தோட்டங்களில் உழைப்பாளர் மன்மதனாகவும் ரதியாகவும் வேடமேற்கும் காமன் கூத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று. கூத்துப் பாடல்கள் செவிவழியே தலைமுறை கடந்து வந்தவை. ஆதலின் பார்வையற்றவரும் அவற்றைப் பாடம் செய்துகொள்ள இயலும்.

பேச்சால் நடக்கும் ஆட்டம் பார்வையற்றோருக்கு எளிதில் திறந்திருக்க வேண்டும். அதை மூடுவது விதிநூலே. பழந்தோல் போன்ற நிறப் பின்னணி, பக்கத்துக்கு இரு பத்தி, படமாக ஒட்டப்பட்ட அட்டவணை, அலங்கார எழுத்து ஆகியன கண்ணுக்கு விருந்தாகலாம். ஆனால், எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான், வாசிப்பு ஒழுங்கு குறிக்கப்படாத பக்கத்தில் ஒரு பத்தியின் வரியை அடுத்த பத்தியின் வரியோடு குழப்பிவிடும். படமான அட்டவணையில் ஊமையாகிவிடும். மங்கிய பார்வையுடையோரும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இடர்ப்படுவோரும் இதே சுவரில் மோதுகின்றனர். அழகு சிலரை வெளியே தள்ளுமாயின், அதனை வடிவக் குறைபாடு என்றே விமரிசகன் சொல்லுதல் வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஆவணம், கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியல். திரைவாசிப்பான் அதனைத் தமிழாக ஒலிக்காது. ஒளிப்படமாகவே சேமித்த பழைய நூற்பக்கங்களின் நிலையும் அதுவே.

"இத்தகையோர் எத்தனை பேர்? பொழுதுபோக்குக்கு இத்துணை முயற்சியா?" என்பார் உளர். கதவை மூடிவைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களை எண்ணிக் காட்டும் வாதம் இது. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமையென்று போராடிய இயக்கம் இவ்வாதத்தை ஏற்க முடியாது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தின் 30ஆம் பிரிவு, பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையைக் கூறுகிறது. அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையிலும் இலங்கை 2016இல் இணைந்தது. கையொப்பத்தால் மட்டும் ஒரு பக்கமும் பிரெயிலாக மாறிவிடாது, செய்கரம் வேண்டும்.

அச்செயல் கடினமன்று. 2023 ஜனவரியில் அவ்விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு ஒன்று பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியாயிற்று; மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கலாம், வடிவம் மாற்றலாம். ஒருங்குறி எழுத்து, முறையாகக் குறித்த தலைப்புகள், உண்மையான அட்டவணை, படத்துக்குச் சொல்விளக்கம், அலங்காரமற்ற ஒற்றைப்பத்திப் பிரதி, தொட்டறியும் பகடை ஆகியன போதும். மாத்தளை ஆசிரியரும் மாணவரும் தம் பாடக்குறிப்பிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஒன்று மட்டும் தவறலாகாது: ஆவணம் சரியா என்று தீர்ப்பளிக்கும் உரிமை, அதனைச் செவியாலும் விரலாலும் வாசிப்போருக்கே உரியது.