யுராசிக் கால இரேடியோலாரியாக்களின் வகைப்பாடு: ஹெக்கல் முறை பற்றிய ஓர் ஆய்வு

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய மன்னார்க் கரைகளில் முத்துக்குளிப்புச் சிறந்திருந்த நாளில், வணிகர் முத்துக்களைத் தரம்பிரித்த முறை பலரும் அறிந்ததே. பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருப்பர். முதலாவதில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200 எனப் பெருகி, இறுதியில் 1000 துளைகள். இவ்வாறு பருமன் பிரித்தபின், உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணி முதல் தூள் ஈறாக வகுப்பர். அரித்தல் என்னும் சொல்லுக்குச் சலித்துப் பிரித்தல் என்ற பொருளும் உண்டன்றோ? விலை மதித்தற்கு இம்முறை போதுமானதே. ஆயின், ஒரே சல்லடையில் நின்ற இரு முத்துக்கள் ஒரே சிப்பியிற் பிறந்தன என்று எந்த வணிகனும் கூறான். தரம் காணுதல் வேறு. உறவு காணுதல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் ஓர் ஆராய்ச்சித்துறை நெடுங்காலம் இடர்ப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராயும்.

இரேடியோலாரியா என்பன கடலில் மட்டும் வாழும் ஒருகல உயிர்கள். நிகழ்காலத்தன பலவும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று அளவினவே. கதிர்போல் முட்கள் பரப்பி நிற்றலின் இப்பெயர் பெற்றன. இவற்றுட் பெரும்பாலனவற்றின் வன்கூடு சிலிக்காவாலாயது. உயிர் நீங்கியபின் அக்கூடுகள் கடலடியிற் படிந்து, காலப்போக்கிற் கடினமான சிலிக்காப் பாறையாக இறுகும். ஆழ்கடலிற் சுண்ணாம்புக் கூடுகள் கரைந்தொழிதலின், அப்பாறைகள் பலவற்றில் இவையன்றி வேறு உயிர்ச்சுவடு கிடைப்பதரிது. ஆகவே, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த யுராசிக் காலத்தின் ஆழ்கடற் படிவுகளுக்கு வயது கூறவேண்டின், இவற்றைச் சரிவர இனங்காணுதல் இன்றியமையாததாகும். வகைப்பாடு பிழைப்பின் பாறையின் வயதும் பிழைக்கும்.

இத்துறையின் பேராசானாக மதிக்கப்பட்டவர் ஜேர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். அவர் 1881ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1882 வரை தங்கி, வெலிகமத்திற் கடலுயிர்களை ஆராய்ந்தவர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சலஞ்சர்க் கப்பல் திரட்டிய இரேடியோலாரியாக்களை ஆராய்ந்து, 1887இல் அவர் வெளியிட்ட அறிக்கை 739 சாதிகளையும் 4,318 இனங்களையும் விவரிக்கின்றது. அதனுடன் சேர்ந்த 140 படத்தட்டுகளின் வனப்பை வியவாதார் இலர்.

அவருடைய முறை யாது? கோள வடிவினவற்றைப் புறமுட்களின் தொகைகொண்டு குடும்பங்களாக்கினார். முள் இல்லாதன ஒரு குடும்பம். இரண்டு முள் உடையன மற்றொன்று. நான்கு, ஆறு, பல எனப் பிறவும் அவ்வாறே. பின்னர் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த கோளங்களை எண்ணி உட்பிரிவுகள் வகுத்தார். மணிபோன்றும் கூடைபோன்றும் உள்ளவற்றைக் கணுவறைகளின் எண்ணிக்கையாற் பிரித்தார். மாணவன் எண்ணத் தெரிந்தாற் போதும். உயிரின் பெயர் கிடைத்துவிடும். தாறுமாறாய்க் கிடந்த பெருந்திரளை ஒழுங்குபடுத்தித் தந்த பெருமை ஹெக்கலுக்கே உரியது. ஆயினும், அட்டவணையின் ஒழுங்கு இயற்கையின் ஒழுங்காகிவிடாது. முட்களின் தொகை ஒத்திருத்தல் உறவின்றியும் நிகழும். கூர்ப்புக் கொள்கையை ஜேர்மனியிற் பரப்பிய அவரே, வமிசவழியினும் வடிவக்கணக்கை மேலாகக் கொண்டமை வியப்புக்குரியது.

இக்குறை யுராசிக் கால உயிர்ச்சுவடுகளிற் பெரிதாய்த் தோன்றிற்று. 1885இல் ரூஸ்ட் என்பார் யுராசிக் பாறைகளின் இரேடியோலாரியாக்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பாறையை மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் நோக்குதலே அவர் பெரிதும் கையாண்ட வழி. முப்பரிமாண உருவொன்றின் ஒரு வெட்டுமுகமே அதிற் புலப்படும். வெட்டின் தளத்துக்குப் புறம்பான முள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத முள்ளை எண்ணுதல் எங்ஙனம்? நான்கு முள்ளுடையது இரண்டு முள்ளுடையதெனப் பெயர் பெற்று, வேறு குடும்பம் புகும்.

கணுவறைகளின் கணக்கும் அத்தகையதே. டைகொலோகப்சா, டிரைகொலோகப்சா என்னும் சாதிப்பெயர்கள் முறையே இரண்டு, மூன்று என்னும் எண்ணைத் தாங்கி நிற்பன. ஆனால், யுராசிக், கிரட்டேசியக் காலத்தன சிலவற்றில் தலையறை அடுத்த அறையினுள் அமிழ்ந்து மறைந்திருத்தலை உருமேனிய அறிஞர் டுமிட்ரிக்கா 1970இல் எடுத்துக்காட்டினார். புறத்தே எண்ணியவருக்கு இரண்டாகத் தோன்றியது உண்மையில் மூன்றாயிருக்கலாம். எண்ணையே பெயராக்கிய முறையில், எண் பிழைத்தபோது பெயரும் பொருளிழந்தது.

இவ்வாறு வேறுபட்ட உயிர்கள் ஒரு பெயரின்கீழ்ச் சேர்ந்தமையால், அவை நெடுங்காலம் மாறாது வாழ்ந்தனபோலத் தோன்றின. பாறைக்கு வயது கூற இவை உதவா என்னும் கருத்தும் நிலவிற்று. 1954இல் வெளிவந்த காம்பெல்லின் தொகுப்பும் பெரும்பாலும் ஹெக்கலின் அடியையே பின்பற்றியது. குறை உயிரிலன்று, வகுத்த முறையிலேயே இருந்தது.

திருப்பம் செய்முறையிலிருந்து வந்தது. நீர்த்த ஐதரோபுளோரிக் அமிலத்தாற் சிலிக்காப் பாறையை அரித்து, கூடுகளை முழுவுருவாய்ப் பிரித்தெடுக்கும் முறையைப் பெசாக்னோ, நியூபோர்ட் என்போர் 1972இல் விளக்கினர். இலத்திரன் நுணுக்குக்காட்டி அக்கூடுகளின் நுண்ணமைப்பைத் தெளிவாக்கியது. அதன் பயனாக, பௌம்கார்ட்னர் முதலியோர் 1995இல் வெளியிட்ட தொகுப்பில், நடு யுராசிக் முதல் முற் கிரட்டேசியம் வரையான காலத்தை இவ்வுயிர்களைக்கொண்டே 22 வலயங்களாகப் பிரித்தல் இயன்றது. பயனற்றவை எனத் தள்ளப்பட்டவை காலங்காட்டும் கருவிகளாயின.

உறவைத் துணிதற்கு, கூட்டின் உள்ளே முதலில் தோன்றும் முள்ளமைப்பே தக்க அடிப்படை என்பது இற்றை அறிஞர் பலரின் கொள்கை. 2001இல் டி வெவர் முதலியோர் வெளியிட்ட நூல் இதனை விரிவாகக் கையாளுகின்றது. இக்கொள்கை ஏற்கத்தக்கதே, எனினும் ஒரு தடை எழும். யுராசிக் கூடுகளின் உட்புறம் பெரும்பாலும் குவாட்சால் நிரம்பியோ சிதைந்தோ கிடக்கும். உள்ளமைப்பே அளவுகோலெனின், பெயரின்றி நிற்கும் கூடுகளே மிகுதியாகும். ஆதலின், புறவடிவாற் பிரித்தலை முற்றும் கைவிடுதல் இயலாது. வயது கூறுவார்க்கு அடையாளம் போதும். வமிசம் கூறுவார்க்கு உள்ளமைப்பு வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கணக்காக எழுதுதலே நேரிய வழி. அடையாளத்துக்கு இட்ட பெயரை வமிசத்துக்கும் உரியதாக்கியதே ஹெக்கல் வழியினரின் வழு.

வாழும் உயிர்களிலும் இவ்வழு வெளிப்பட்டது. ஹெக்கல் இரேடியோலாரியாவுள் அடக்கிய பெரும்பிரிவு நான்கனுள் ஒன்றாகிய பியோடாரியா, அவற்றுக்கு நெருங்கிய உறவுடையதன்று என்பதை 2004இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று.

நம் நாட்டுக்கு இவ்வாராய்ச்சியால் வரும் பயன் என்னை? புத்தளத்தை அடுத்த தப்போவைப் படிவுகள் யுராசிக் காலத்தனவே. ஆயின் அவை தாவர உயிர்ச்சுவடு தாங்கிய நிலப்பகுதிப் படிவுகளாதலின், கடலுயிராகிய இரேடியோலாரியாவை அங்கே தேடுதல் வீண். அரிப்புக்கு அப்பால், மன்னார்க் குடாவின் அடியிலுள்ள தடித்த படிவுகளோ வேறு. கொண்டுவானாக் கண்டம் பிளவுற்ற காலத்திலே தோன்றத் தொடங்கிய தாழ்நிலம் அது. 2011இல் அங்குத் துளைத்தபோது இயற்கைவாயுவும் கண்டறியப்பட்டது. அத்தகைய ஆழங்களிலிருந்து வரும் பாறைத்துண்டுகளின் வயதை நுண்ணுயிர்ச்சுவடுகளே பெரிதும் உரைக்கும். அவற்றை ஆராயப் புகும் நம் மாணவர், நூலிற் கண்ட பெயரை அப்படியே ஏற்றல் தகாது. இப்பெயர் எண்ணி இட்டதா, உறவறிந்து இட்டதா என்று வினவுதலே அவர்தம் முதற்கடனாகும்.