நூலகத் தளங்களும் தேடுபொறியும்: ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

நூலைத் தேடுவோரிடம் கொண்டு சேர்ப்பதே நூலகப் பட்டியலின் பணி. அன்று தேடுவோர் அட்டைப் பெட்டியின் முன் நின்றனர். இன்று பெரும்பாலும் கூகுள் முதலிய தேடுபொறிகளிலிருந்தே தொடங்குகின்றனர். தேடுபொறிக்குப் புலப்படுமாறு தளத்தை அமைப்பதைத் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்பர். இத்தொடர் பொருள் மயக்கம் தருவது. திருத்தப்படுவது பொறியன்று, தளமே. இம்மயக்கம் செயலிலும் தொடர்கிறது. இப்பணி கணினியாளருக்கே உரியதென ஒதுக்கப்படுகிறது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இது முதன்மையாக மொழிச் சிக்கலாகும்.

2. எழுத்துப்பெயர்ப்பு

அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் ஏ.எல்.ஏ.-எல்.சி. முறை ழ, ற, ன ஆகியவற்றைக் கீழ்க்கோடிட்ட உரோமன் எழுத்துகளாற் குறிக்கிறது. 'திருக்குறள்' என்பதன் தகரத்தை அம்முறை 'டி' என ஓரெழுத்தால் எழுத, பொதுவழக்கு 'டி', 'எச்' என ஈரெழுத்தால் எழுதும். கீழ்க்கோடுகளைத் தேடுபொறி பொருட்படுத்தாவிடினும் இவ்வேறுபாடு எஞ்சி நிற்கும். மார்க் 21 பதிவமைப்பின் 880ஆம் புலம் மூல எழுத்திற்கு இடமளிக்கிறது. அதனை நிரப்பாது உரோமன் வடிவை மட்டும் தரும் பதிவு, தமிழில் தேடுவோருக்கு இல்லாத நூலுக்கு ஒப்பாகும்.

3. குறியேற்றமும் பெயர் வடிவமும்

யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் ஏற்றலாம். இரண்டும் சமமென்பது யூனிகோடு விதி. இயல்பாக்கம் செய்யாத மென்பொருளோ அவற்றை வேறெனக் கொள்ளும். ஔகாரத்திற்கு ஈடாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் பிழையை அவ்விதியும் சமமாக்குவதில்லை.

சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா. ஆகிய வடிவங்கள் ஒருவரையே சுட்டும். இவற்றைப் 'பார்க்க' என்னும் குறிப்பட்டைகளால் இணைத்தல் நூலகர் நெடுங்காலம் கையாண்ட முறை. தளங்கள் பலவற்றில் இவ்விணைப்பு மென்பொருளின் உள்ளேயே தங்கிவிடுகிறது. பக்கத்தில் அச்சாகாத வடிவத்தைத் தேடுபொறி அறிவது அரிது.

4. மதிப்பீடு

குறிச்சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதுக என்னும் அறிவுரை ஏற்கத்தக்கதன்று. செயற்கையாகச் சொல்லடுக்குவதைக் கூகுளின் விதிகளே முறைகேடெனக் கொள்கின்றன. மேலும், வேற்றுமையுருபும் புணர்ச்சியும் சொல்வடிவைப் பெரிதும் மாற்றும் தமிழில், ஒரே வடிவை அடுக்குவதாற் பயன் சிறிதே. ஒவ்வொரு பதிவிற்கும் நிலையான முகவரி, 2005இல் கூகுள் அறிமுகப்படுத்திய தளவரைபடம், 2011இல் தோன்றிய ஸ்கீமா.ஆர்க் சொற்றொகுதி ஆகியன தேவையே. தேடற்படிவத்தின் பின்னே மறைந்துள்ள பதிவுகள் அவற்றால் வெளிப்படும். ஆயினும் பதிவில் இல்லாத பெயரை அவை உண்டாக்கித் தருவதில்லை.

இழப்பு மொழிபெயர்ப்பாளருக்கே மிகுதி. மூல நூலின் பெயர் அதன் மொழியிலும் எழுத்திலும் பதியப்படாவிடின் முந்தைய மொழிபெயர்ப்பு கண்ணிற்படாது. உள்ளதை இல்லையெனக் கருதி மீண்டும் மொழிபெயர்க்க நேரும். மொழிபெயர்ப்பு வரலாறும் பிழைபடும்.

5. முடிவுரை

தமிழ் எழுத்து வடிவம், வழக்கிலுள்ள உரோமன் வடிவங்கள், ஆசிரியரின் மாற்றுப் பெயர்கள், மூல நூற்பெயர் ஆகிய நான்கும் பக்கத்திலேயே இடம்பெறல் வேண்டும். இவற்றை வரையறுக்கும் பொறுப்பில் நூலகரோடு மொழியியலாருக்கும் பங்குண்டு.