மலை தரும் பலமும் மலை கேட்கும் விலையும்

1968 மெக்சிகோ ஒலிம்பிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் நடந்தது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அது வேக ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் உதவியது: 100 மீட்டரை ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடியில் ஓடினார். பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். ஆனால் 10,000 மீட்டர் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமுவும், அடுத்து வந்த எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேவும் மேட்டுநிலத்துக்காரர்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களை மலைக்கு அனுப்பும் வழக்கம் உலகெங்கும் வேரூன்ற இது முக்கியக் காரணம். ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நம் தேசிய வீரர்களுக்கு முகாம்கள் நடக்கின்றன. இந்த வழக்கத்தை நாம் முழுதாக எடை போட்டிருக்கிறோமா?

மலையிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம், அதனால் ரத்தத்தில் சேரும் ஆக்ஸிஜனும் குறைகிறது. அதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. மலைப் பயிற்சியின் உண்மையான பலம் இது. ஆனால் இதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். முதல் சில நாட்களில் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் உயர்ந்து தெரிவதற்குக் காரணம், ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குவதுதான். அதைப் பார்த்து மகிழ்ந்து பத்தே நாளில் முகாமை முடிப்பது வீண்செலவு.

முதல் குறை வேகத்தில் தெரியும். சமவெளியில் 400 மீட்டர் சுற்றுகளைப் போட்டி வேகத்தில் அடுக்கும் ஒருவருக்கு ஊட்டியில் மூன்றாவது சுற்றிலேயே மூச்சு முட்டும். ஓய்வை நீட்டினாலும் கால்கள் அந்த வேகத்தைத் தொடாது. இரவில் மூச்சு விட்டுவிட்டு வருவதால் உறக்கமும் கெடலாம். இப்படியே வாரங்கள் போனால் ரத்தம் வளரும், கால்களின் வேகம் மங்கும்.

இதற்கு லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் ஒரு வழி காட்டினார்கள். 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டரில் நான்கு வாரம் பயிற்சி செய்தவர்கள் சமவெளியில் 5,000 மீட்டரை முன்பைவிடச் சராசரியாக 13 விநாடி குறைவாக ஓடினார்கள். நீலகிரியில் இதைச் செய்வது எளிதல்ல. மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறும் மலைப்பாதைப் பயணமே உடலை அலுக்க வைத்துவிடும். கீழே வெயில் வேறு. வாரத்துக்கு ஒன்றிரண்டு வேகப் பயிற்சிகளுக்கு மட்டும் இறங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, கிடைப்பதும் மலையால்தானா என்பது உறுதியில்லை; இது இரண்டாவது குறை. 2012இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், யார் ஆக்ஸிஜன் குறைந்த அறையில் இருக்கிறார்கள் என்பதை வீரர்களுக்கே தெரியாமல் வைத்துச் சோதித்தபோது, இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் முன்னேற்றத்தில் எவ்வளவு மலையால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையாலும் முகாமின் ஒழுங்காலும் வந்தது என்று கேட்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. மலைக்கு மாற்று என்று சொல்லப்படும், மூச்சை இறுக்கும் முகமூடிகளுக்கு இந்த விவாதத்தில் இடமே இல்லை. அவை மூச்சுவிடுவதைக் கடினமாக்கும்; மலைக்காற்றைத் தராது.

மூன்றாவது, போட்டி நடக்கும் இடம். உயரத்தில் நடக்கும் போட்டிக்கு மலைப் பழக்கம் இல்லாமல் தீராது. ஆனால் ஊட்டியின் குளிரில் வாரக்கணக்கில் இருந்தவர் இறங்கிய கையோடு சென்னை வெயிலில் ஓடினால், வெயில் பழக்கம் தளர்ந்த உடல் தடுமாறும். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும். பெற்ற சிவப்பணுப் பலனும் சில வாரங்களில் கரைந்துவிடும். இரண்டையும் கணக்கிட்டே இறங்கும் நாளைக் குறிக்க வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது இரும்புச்சத்து. அது இல்லாமல் சிவப்பணு உருவாகாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படி ரத்தசோகை இருக்கக்கூடிய ஓட்டக்காரியை, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு பார்க்காமல் மலையேற்றினால், உடலில் இல்லாததை மலை எங்கிருந்து எடுக்கும்? அவள் சோர்ந்து பின்தங்கும்போது, திறமை போதாது என்று எழுதி அனுப்பிவிடுவது அநீதி. முகாமுக்கு வீரர்களைத் தேர்வு செய்வதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தப் பரிசோதனை, குறைவிருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் சிகிச்சை, மலையில் குறைந்தது மூன்று வாரம்: இவை மூன்றும் இல்லாத முகாமை நடத்தாமல் இருப்பதே நல்லது.