கரும்பலகை ஆயர்

நாடகமும் திரைப்படமும் நம் கருவிகள். மதவாதிகட்கு மணியோசையன்றி வேறு வழி தெரியாது என்று எண்ணி மகிழும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் 'பராசக்தி' வெளிவந்த 1952ஆம் ஆண்டைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அதே ஆண்டில்தான் நியூயார்க்கின் துணை ஆயர் புல்டன் ஷீன், 'வாழ்க்கை வாழத்தக்கது' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

மேலங்கி, மார்பிலே சிலுவை, பக்கத்திலே ஒரு கரும்பலகை. கையிலே குறிப்பு ஏதுமில்லை. பலகையைத் துடைத்து வைப்பவர் ஒரு தேவதூதர் என்று நகைச்சுவையாகச் சொல்லுவார். அரைமணி நேரம் கேட்போரைக் கட்டிவைத்தார். 1953இல் எம்மி விருதும் பெற்றார். பேச்சுக்கலை பயிலும் இளைஞர் அவரிடம் கற்கவேண்டியது நிரம்ப உண்டு.

ஆனால், 1953 பிப்ரவரியில் அவர் செய்தது என்ன? ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் இறுதிச்சடங்குக் காட்சியை, சீசர் பெயருக்குப் பதில் ஸ்டாலின் பெயரை இட்டுப் படித்தார். ஸ்டாலினுக்கும் தீர்ப்பு நாள் வரும் என்றார். மார்ச் 5ஆம் நாள் ஸ்டாலின் மாண்டார். உடனே, தீர்க்கதரிசனம் என்ற பேச்சு! எழுபத்து நான்கு வயது முதியவர், மூளையில் இரத்தப்பெருக்கால் இறந்ததற்குத் தீர்க்கதரிசி எதற்கு? எதிரே நின்று இதைக் கேட்க ஆளில்லை. நம் மேடைக்குத் துண்டுச்சீட்டு வரும். பேசியவர் விடை சொல்லித்தான் இறங்கவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்கோ வாய் உண்டு, செவி இல்லை. (நம் திரைப்படங்களுக்கும் அந்தக் குறை உண்டு, மறைப்பானேன்?)

1633இல் கலிலியோவை மண்டியிட வைத்த திருச்சபை, 1931இல் மார்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலியை நிறுவியது. அறிவியலின் முடிவைத் தண்டித்தார்கள். அதன் கருவியை வரவேற்றார்கள். தமிழுக்கும் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலி ஒலித்தது. இன்று மாதா தொலைக்காட்சி இருக்கிறது. 2020இல் கொள்ளைநோய் இராயபுரத்தை வாட்டியபோது, கோயிற்கதவை அடைத்துவிட்டு வீட்டுத் திரையில் பூசை காணச் செய்தார்கள். மருத்துவர் சொல்லுக்குச் செவிசாய்த்த அந்தச் செயலைப் பாராட்டலாம்.

இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழர் இட்ட பெயர். இராயபுரம் அவர் பெயரால் வந்தது என்பர். அங்கே 1829இல் எழுந்த கோயில் படகுத் தொழிலாளர் உழைப்பிலே விளைந்தது. அந்தக் கடலோர மக்களின் துயரம் எது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் வழிந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர் அதைக் குவளையாலும் வாளியாலும் மொண்டு எடுத்தனர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர்.

இயற்கையைச் சிதைப்பது பாவம் என்று போப் பிரான்சிசின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடல் கூறுகிறது. பாவம் என்ற சொல் நமக்கு உடன்பாடன்று, கருத்து உடன்பாடே. ஆயர்களை நாம் கேட்பது இதுதான்: அந்தச் சுற்றுமடலை எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று படியுங்கள், ஒளிப்படக் கருவி உடனிருக்கட்டும். படித்து முடித்ததும் ஒலிவாங்கியை அங்குள்ள மீனவப் பெண்ணிடம் கொடுங்கள். ஆலைக்காரரை நோக்கி அவள் கேட்பதையும், உங்களை நோக்கி அவள் கேட்பதையும் வெட்டாமல் ஒளிபரப்புங்கள்.